ஸ்கோர்போர்டுக்குப் பக்கத்து இடம்

இன்ஜின் நன்றாகவே ஓடியது. கியரைப் போட்டால் நின்றுவிட்டது. கோடை முழுவதும் இதுதான் கதை.

வண்டி என் மாமனார் மெர்வ் ஹாக்கிங்குடையது. அறுபத்தேழாம் வருடத்து ஹோல்டன், பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன். புதிதாக வாங்கியவர் அவருடைய அப்பா. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கையால் மாற்றும் கியர், இடது காலுக்குக் கிளட்ச். போன அக்டோபரில் மெர்வின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை. செயற்கைக் காலை வைத்து நடந்துவிடுகிறார். கிளட்சை மிதிக்க முடியவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும் ஓட்டலாம் என்ற நிபந்தனையோடுதான் லைசன்ஸ் திரும்பக் கிடைத்தது.

அதனால் பழைய இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இறக்கினோம். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டிலிருந்து, வயதில் இளைய வேறொரு காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினையும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் கொண்டுவந்து ஏற்றினோம். புது இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊற்றுவதும் பொறி கொடுப்பதும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியின் வேலை. அதையும் டாஷ்போர்டுக்குக் கீழே மாட்டினோம்.

மாமியார் நோரீனிடம் ஓர் ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது. சின்னது, வெள்ளை. மெர்வ் அதை வாஷிங் மெஷின் என்பார்.

"அதை எடுத்துட்டு ஓவலுக்குப் போகச் சொல்றியா? அதோட ஹாரனைக் கேட்டிருக்கியா நீ? சளி பிடிச்ச ஆட்டுக்குட்டி மாதிரி."

விஷயம் ஓவல்தான், எங்கள் ஊர் மைதானம். வாரிங்காவில் சனிக்கிழமை ஃபுட்பால் என்றால், மைதானத்து வேலியை ஒட்டி வண்டிகள் மூக்கை உள்ளே நீட்டி நிற்கும். நம்மவர் கோல் போட்டால் எல்லா ஹாரனும் சேர்ந்து ஒலிக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம். யாரும் எழுதிவைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஹாக்கிங் குடும்பத்தின் இடம் ஸ்கோர்போர்டுக்குப் பக்கத்தில். சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு வண்டி வரவில்லையென்றால் இடம் போய்விடும். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு. மெர்வின் அப்பா காலத்திலிருந்து அது போனதில்லை. கோலுக்கு அடிப்பதற்காகவே கோதுமை லாரி ஒன்றின் இரட்டை ஹாரனை மெர்வ் இந்த வண்டியில் மாட்டியிருந்தார்.

எங்களுக்குப் போன சீசன் பாதியில் நின்றுபோயிற்று. ஜூனில் டாம்சின் இறந்தாள். அவர்கள் மகள், என் மனைவி. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. சமையலறையில் பேசிக்கொண்டிருந்தவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் ஓவல் பக்கம் போகவில்லை.

நான் அடிலெய்டுக்காரன். கோதுமைப் பண்ணைகளில் மண்ணைப் பரிசோதித்து உரம் சொல்வது என் வேலை. டாம்சினுக்காக வாரிங்கா வந்தேன். அவள் போன பிறகு திரும்பிப் போகவில்லை. காரணம் எதுவும் இல்லை. திரும்பிப் போவதற்கும் காரணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெர்வின் ஷெட்டுக்குப் போனேன். அங்கே ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

கோளாறு இதுதான். மெர்வ் உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்கும், பூனை போல உறுமிக்கொண்டிருக்கும். பிரேக்கை மிதித்து, வண்டி முன்னே போவதற்கான டி கியருக்கு நெம்புகோலை இழுப்பார். இன்ஜின் ஒருமுறை விக்கி நின்றுவிடும்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் நிறைந்த ஓர் உருளை இருக்கிறது. கன்வர்ட்டர். வண்டி நிற்கும்போது அது நழுவிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இறுகிக்கொண்டால் இன்ஜின் இப்படித்தான் சாகும். புத்தகம் அப்படித்தான் சொன்னது. யார்டுக்காரரும் அதையே சொன்னார். கியர்பாக்ஸைக் கழற்றி, உள்ளே இருந்த மின்வால்வை மாற்றி ஏற்றினோம். நின்றது. மறுபடி கழற்றிக் கன்வர்ட்டரையே மாற்றினோம். நின்றது.

முதல் ஆட்டம் வரும் சனிக்கிழமை. மாற்றிய வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய பரிசோதகர் வெள்ளிக்கிழமை வருவார். அந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது முறை கழற்றுவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

பக்கத்துப் பண்ணை ட்ரெவர் நோஸ்கி வந்தார். ஓவலில் மெர்வுக்கு அடுத்த இடம் அவருடையது. பள்ளியிலிருந்தே இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டுதான் வளர்ந்தார்கள்.

"என்னடா மெர்வ், இன்னும் நிக்குதா?"

"நல்லாத்தான் நிக்குது. ஓடத்தான் மாட்டேங்குது."

"சனிக்கிழமை வெயில் அடிக்குமாம். என் பிக்கப்பை ரெண்டு இடத்துக்கும் சேத்துக் குறுக்கால போட்டுக்கலாம்னு இருக்கேன். சௌகரியமா காலை நீட்டிக்கலாம்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளிறிவிட்டது.

"நீட்டுடா," என்றார் மெர்வ். "உனக்குத்தான் ரெண்டு இருக்கே."

ட்ரெவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "வண்டியை வேணும்னா நான் கட்டி இழுத்துட்டு வந்து விடறேன்டா. இடத்துல நின்னா போதும்ல."

"இழுத்துட்டுப் போறதுக்கு அது என்ன செத்த மாடா? நான் ஓட்டிக்கிட்டு வருவேன். இல்லேன்னா இடம் உனக்கு. எடுத்துக்கோ."

ட்ரெவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

நோரீன் தேநீரும் ஒரு தட்டில் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். "எத்தனாவது தடவை கழட்டப் போறீங்க?"

"மூணாவது."

"எனக்குப் பிரசவம்கூட ஒரே தடவைதான் ஆச்சு," என்று சொல்லிவிட்டு நின்றார். எதற்காகச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. "ஆறிடப் போகுது, குடிங்க," என்று உள்ளே போனார்.

மெர்வ் தேநீரைத் தொடவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "கழட்டறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஓடட்டும்டா. அதாவது செய்யுதே." சாவியைத் திருப்பினார். மேஜை மேல் ரேடியோவில் மெல்போர்ன் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. மெர்வின் அணி ஆடியது, ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை.

நான் பானெட்டைத் திறந்து குனிந்திருந்தேன். பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் பார்த்தேன். ஆக்சிலேட்டர் கேபிளைப் பிடித்து இன்ஜினின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். கேபிள் இளஞ்சூடாக இருந்தது. இன்ஜின் சூடு என்று நினைத்தேன்.

ரேடியோவில் கோல்.

அந்த இருக்கையில் உட்கார்ந்து கோல் என்று கேட்டால் மெர்வின் கை தானாகவே போகும். இத்தனை வருடப் பழக்கம். லாரி ஹாரன் ஷெட்டின் தகரத்தையே அதிர வைத்தது. அவர் நீளமாக அழுத்தினார். என் விரல்களுக்கிடையே கேபிள் பழுக்கக் காய்ச்சிய கம்பியைப் போல ஆனது. கையை உதறினேன். இன்ஜின் விக்கி நின்றது.

ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"நான் கியரைத் தொடலை," என்றார் மெர்வ்.

"தெரியும்."

"பார்க்லதான் இருக்கு. பாரு."

"மெர்வ், மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. ஹாரன் அடிங்க."

ஓடியது. அடித்தார். நின்றது. இன்னொரு முறை. நின்றது.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. கை எரிந்துகொண்டிருந்ததாலோ என்னவோ, தெளிவாகத் தோன்றியது.

"இப்ப டி-யில போடுங்க. ஆனா பிரேக்கைத் தொடாதீங்க. ஹேண்ட்பிரேக் மட்டும்."

"என்னடா சொல்ற? எனக்கு லைசன்ஸ் டெஸ்ட் வெச்ச அந்தப் பொண்ணு ஒரு நாள் பூரா கத்துக் குடுத்தாளே. கியரைத் தொடறதுக்கு முன்னாடி பிரேக், பிரேக், பிரேக்னு. தெரிஞ்சா கொன்னுடுவா."

"அவ இங்க இல்லை. போடுங்க."

முன்னால் யாரும் இல்லை. நான் ஓரமாக வந்து நின்றேன். மெர்வ் வலது காலை வேண்டுமென்றே உயரத் தூக்கிக் காட்டினார். நெம்புகோலை இழுத்தார். வண்டி லேசாகத் தாழ்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பார்த்தது. இன்ஜின் நிற்கவில்லை. பத்து எண்ணும் நேரம், இருபது. உறுமிக்கொண்டேயிருந்தது.

"இப்ப பிரேக்."

நின்றது.

மெர்வ் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். "கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு."

"முதல்லேர்ந்தே நல்லாத்தான் இருந்திருக்கு."

"பிரேக்கை மிதிச்சா பின்னாடி விளக்கு எரியும்."

"ஆமா."

"விளக்கு எரிஞ்சா இன்ஜின் சாகுதா?"

"ஹாரன் அடிச்சாலும்."

இருவருமே ஒரே சமயத்தில் அந்தச் சொல்லைச் சொன்னோம். எர்த்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்புகிறது. விளக்கில், ஹாரனில், கம்ப்யூட்டர் பெட்டியில் வேலையை முடித்துக்கொண்டு, வண்டியின் தகட்டு உடம்பு வழியாகத் திரும்பிப் பேட்டரிக்கே வர வேண்டும். எங்கள் பேட்டரியின் கறுப்பு வயர் இன்ஜினில் இருந்தது. அதனால் ஸ்டார்ட்டர் பிரமாதமாகச் சுற்றியது. அது பிரமாதமாகச் சுற்றியதால் எர்த்தில் கோளாறு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் உடம்பிலிருந்து இன்ஜினுக்கு வர ஒரு பட்டை வேண்டும். பின்னிய செம்புப் பட்டை. அது இருந்தது. மெர்வே முடுக்கியிருந்தார், இறுக்கமாக. இருந்தும் மின்சாரம் அதன் வழியாக வரவில்லை. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. உடம்பையும் இன்ஜினையும் தொட்டுக்கொண்டிருந்த ஒரே உலோகம் ஆக்சிலேட்டர் கேபிள். வண்டியின் மின்சாரம் முழுவதும் அந்த மெல்லிய கம்பி வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது. சும்மா ஓடும்போது சமாளித்தது. கொஞ்சம் கூடுதலாகச் சுமை ஏறினால் முடியவில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சக்தி போதாமல் அது கண்ணை மூடிக்கொண்டது.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். பட்டையின் ஒரு முனை இன்ஜினில், நன்றாக இருந்தது. மறுமுனை உடம்பில், ஒரு போல்ட்டுக்குக் கீழே. போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே எதுவும் போகவில்லை. போல்ட்டைக் கழற்றினேன்.

கீழே பெயின்ட். நீலம், கண்ணாடி போல. போல்ட் உட்கார்ந்த இடத்தில்கூட ஒரு கீறல் இல்லை. துளைக்குள்ளும் மரைகள் வரை வழவழவென்று இறங்கியிருந்தது.

மெர்வ் இறங்கி வந்து பார்த்தார்.

பழைய இன்ஜினை இறக்கிய பிறகு, காலியாகக் கிடந்த அந்தக் குழிக்கு அவர்தான் பெயின்ட் அடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிது. நிற்க முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்து, தள்ளித் தள்ளி, நவம்பர் முழுக்க அடித்தார். தேய்ப்பார், அடிப்பார், காயவிடுவார், மறுபடி தேய்ப்பார். நான் வந்தால், "அந்தப் பக்கம் நில்லு, தூசி," என்பார். நானும் அந்தப் பக்கம் நிற்பேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

"இங்க சுரண்டணும்," என்றேன். "போல்ட் உக்கார்ற இடம் மட்டும். நான் செய்யட்டுமா?"

"குடு."

உப்புத்தாளை வாங்கிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுரண்டவில்லை. விரலால் அந்த இடத்தைத் தடவினார்.

"வெறும் தகடு தெரியணுமா?"

"தெரியணும்."

"எதையும் விடலை நான். போல்ட் ஓட்டையைக்கூட விடலை. எங்கயாவது கொஞ்சம் விட்டா அங்கேர்ந்து துரு ஆரம்பிச்சுடும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. ராத்திரி படுத்தா அதே நெனப்பு. எங்கயோ ஒரு இடம் விட்டுப்போச்சு, எங்கயோ ஒரு இடம் விட்டுப்போச்சுன்னு."

இந்த முறை நான் அந்தப் பக்கம் போய் நிற்கவில்லை. டார்ச்சை எடுத்து அவருக்கு வெளிச்சம் காட்டினேன்.

அவர் சுரண்டினார். நீலம் தூளாக உதிர்ந்தது. கீழே வெள்ளையாகப் பிரைமர், அதற்கும் கீழே தகடு. சின்ன வட்டம், பளபளவென்று. பட்டையை வைத்து முடுக்கினார். துரு வராமல் அதன் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவினேன்.

ஸ்டார்ட். பிரேக். டி. நிற்கவில்லை. ஹாரன். நிற்கவில்லை. மெர்வ் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஷெட்டிலிருந்து கேட் வரை போய்த் திரும்பி வந்தார். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை பிரேக் பிடித்தார், தேவையே இல்லாமல்.

நோரீன் ஹாரன் சத்தம் கேட்டு வெளியே வந்தவர் என் கையைத்தான் முதலில் பார்த்தார். விரல்களில் குறுக்கே சிவந்த கோடு. சமையலறைக்கு இழுத்துப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

"வலிக்குதா?"

போன ஜூனிலிருந்து நிறையப் பேர் நிறையக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்லிவந்தேன்.

"வலிக்குது," என்றேன்.

அவர் தலையசைத்தார். குழாயை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை பரிசோதகர் வந்தார், படுத்துப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை நான் அவர்களை வழியனுப்பத்தான் போனேன். நோரீன் பிளாஸ்கோடு பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"முன்னாடி உக்காருங்க நோரீன்."

"முன்னாடி உக்காந்தா இந்த ஆளு ஓட்டறதைப் பாக்கணும். நீயே பாரு."

மெர்வ் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏறுடா. வழியில நின்னுட்டா எவன் தள்ளுவான்? எனக்குக் கால் கிடையாது, அவளுக்கு மூச்சு கிடையாது."

ஏறினேன்.

ஓவல் கேட்டில் டிக்கெட் கிழிப்பவர் வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மெர்வ் ஒரு விரலை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து தூக்கினார். மெதுவாக வேலியோரம் போனோம். ஸ்கோர்போர்டுக்குப் பக்கத்தில் ட்ரெவர் நோஸ்கியின் பிக்கப் நின்றது. சொன்னபடியே, இரண்டு இடத்துக்கும் சேர்த்துக் குறுக்காக.

மெர்வ் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஹாரன் அடிக்கவில்லை. காலைத் தூக்கவே மாட்டார் போல பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தார்.

ட்ரெவர் பிக்கப்பிலிருந்து இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார். வாயில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி பாதி.

"ஏன்டா இவ்வளவு லேட்டு? காலையிலேர்ந்து மூணு பேரை விரட்டிட்டேன். வெளியூர்க்காரன் ஒருத்தன் என்னை அடிக்கவே வந்துட்டான்." பானெட் பக்கம் காதைச் சாய்த்தார். "ஓடுதா இது?"

"உன் காது போச்சா?"

"சத்தமே இல்லையேடா. தையல் மெஷின் மாதிரி இருக்கு."

"பிக்கப்பை எடுடா மொதல்ல."

எடுத்தார். மெர்வ் வண்டியைத் தன் இடத்தில் விட்டார். முன்சக்கரங்கள் புல்லில் இருந்த பழைய பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. இன்ஜினை நிறுத்தவில்லை. "பேட்டரிக்கு நல்லது," என்றார், யாரும் கேட்காமலேயே.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் அணி மோசம். எதிரணி முதல் கோல் போட்டது. மைதானத்தின் மறுபக்கத்தில் வெளியூர் வண்டிகள் ஹாரன் அடித்தன. இரண்டாவது. எங்கள் ஆள் ஒருவன் கம்பத்துக்கு நேர் எதிரே நின்று பந்தைக் கம்பத்திலேயே அடித்தான். மெர்வின் கை ஹாரன் மேல் இருந்தது, போனது, வந்தது. மூன்றாவது கோலும் எதிரணிக்கு.

மெர்வ் ஹாரனை அழுத்தினார்.

கோதுமை லாரியின் இரட்டை ஹாரன். நீளமாக. எங்கள் பக்கத்து வேலி முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் திரும்பினார்கள். எங்கள் ஊர் அணியின் பயிற்சியாளர் கையை விரித்தார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விக்கல் இல்லை.

"டேய்," என்று ட்ரெவர் பிக்கப்பிலிருந்து கத்தினார். "எந்த ஊர்க்காரன்டா நீ?"

"டெஸ்ட் பண்ணேன்டா."

"எதை? எங்க பொறுமையையா?"

"நம்ம பசங்க கோல் போடுவாங்கன்னு எவ்வளவு நேரம்தான் காத்துக்கிட்டு இருக்கறது?"

பின்னால் நின்ற கூட்டத்திலிருந்து யாரோ, "காலோட சேத்து மூளையையும் எடுத்துட்டானுங்க போல," என்றார்கள். மெர்வ் அந்தப் பக்கம் பார்த்து ஒரு சைகை காட்டினார். நோரீன் பின் சீட்டில் ஜன்னலுக்குக் கீழே சரிந்துகொண்டார். "நான் இந்த வண்டியில இல்லை. கேட்டா சொல்லுங்க."

ஏதோ ஒரு சத்தம் வந்தது. என்னிடமிருந்துதான் வந்தது. சிரித்திருக்கிறேன். நோரீன் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எதுவும் நடக்காதது போலப் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றி நீட்டினார்.

மெர்வ் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி கழித்து, எங்கள் அணி ஒருவழியாக ஒரு கோல் போட்டு, ஊரே ஹாரன் அடித்து ஓய்ந்த பிறகு, பார்வையைத் திருப்பாமல் சொன்னார்:

"பின்கதவு கிரீச்சுங்குது. வர்ற வழியில கேட்டியா?"

எனக்குக் கேட்கவில்லை.

"கேட்டேன்," என்றேன்.

"ஞாயித்துக்கிழமை பாத்துடலாம்."

"பாக்கலாம்."